டயர் சுட வேண்டும்

பந்தய வண்டியின் டயரைத் தொட்டால் கை சுட வேண்டும் என்பது எனக்கு அறுபத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அதுவரை டயர் என்றால் கறுப்பாக இருக்கும், உருளும், பஞ்சர் ஆகும், அவ்வளவுதான். மதுரைக்குப் பக்கத்தில் பரவையில் என் மாவு மில் வாசலில் ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டிகள் வந்து நிற்கின்றன. ஒரு டயரையும் நான் தொட்டுப் பார்த்ததில்லை.

இதை எனக்குச் சொன்னவள் என் மகள். தோள்பட்டை எலும்பு முறிந்து, கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, தல்லாகுளத்தில் அவள் வீட்டுச் சோபாவில் சாய்ந்து கிடந்தபோது சொன்னாள்.

அவள் வக்கீல். வாரத்தில் ஐந்து நாள் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவாள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு கோயம்புத்தூர்ப் பக்கம் போய், கறுப்புத் தோல் உடுப்பு மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுவாள். அவள் புருஷன் என் அண்ணன் மகன்தான். அவன் பந்தயம் ஓட்ட மாட்டான். வண்டியை வேனில் ஏற்றுவது, நட்டு முறுக்குவது, பெண்டாட்டி ஒரு சுற்று சுற்றி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பிடிப்பது, இதெல்லாம் அவன் வேலை. மூன்று வருஷமாக இருவரும் போய்வருகிறார்கள். நான் ஒரு தடவையும் போனதில்லை. போய்ப் பார்த்தால் சம்மதம் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

அவள் விழுந்துவிட்டாள் என்று போன் வந்ததும் மில்லைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்னென்ன பேச வேண்டும் என்று சேர்த்து வைத்துக்கொண்டே போனேன். போய்ப் பார்த்ததும் அதில் பாதி மறந்துவிட்டது.

“வண்டிய வித்துப்போடு. அம்புட்டுத்தேன் நான் சொல்றது” என்றேன்.

“வண்டி மேல தப்பு இல்லம்மா.”

“பெறகு ரோட்டு மேலயா?”

“ரோட்டு மேலயும் இல்ல. டயரு சில்லுன்னு இருந்துச்சு. ரெண்டாவது வளைவுல பிடிக்கல. வழுக்கிருச்சு.”

டயர் சில்லென்று இல்லாமல் பின்னே எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவள் வலியோடு சிரித்தாள்.

“யம்மா, தோசக்கல்லு காயாம மாவ ஊத்துனா என்னாகும்?”

“ஒட்டிக்கிரும்.”

“இது அதுக்கு நேரெதிரு. காயாட்டி ஒட்டாது. டயரு நல்லாச் சூடேறி எளகுனாத்தேன் ரோட்டக் கவ்வும். அதுக்குன்னு டயரச் சுத்திக் கரண்டுப் போர்வ ஒண்ணு கட்டுவோம். ஒரு மணி நேரம் கட்டி வச்சு, கெளம்புற நேரத்துல உருவிட்டு ஓட்டணும்.”

“அப்பக் கட்டலியா?”

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரோரமாக நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். அந்த மைதானத்தில் அவரவர் கூடாரத்துக்கு அவரவரே கரண்டு கொண்டுவர வேண்டுமாம். இவன் மதுரையிலிருந்து கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடுகிற டீசல் ஜெனரேட்டர் ஒன்றை இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். அது போட்ட சத்தத்தில் அங்கே ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. நடத்துகிறவர்கள் வந்து, இதைக் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து நீளமாக ஒயர் இழுத்தான். போகிறவர் யாரோ கால் தட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் பிளக் கழன்றுவிட்டது. போர்வை கட்டியது கட்டியபடி இருந்தது. உள்ளே டயர் ஆறிக் கிடந்தது ஒருவருக்கும் தெரியவில்லை.

“ஏன் மாப்ள, ஊர்கோலம் விடுற ஜெனரேட்டரையா கொண்டு போன?”

“நல்லா இழுக்கும்னு நெனச்சேன் அத்த.”

“இழுத்துச்சு. என் மகள ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துச்சு.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. மகளிடம் திரும்பி, “அப்ப இது கரண்டுக் கோளாறுதானா?” என்று கேட்டேன்.

“ஆமா.”

“கரண்டுக் கோளாறுன்னா அது என் சோலி. நான் பாத்துக்கிறேன்.”

சொல்லிவிட்டேன். எலும்பு கூடியதும் அவள் மறுபடி ஓட்டத்தான் போகிறாள் என்பது எனக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாதா. டயர் சுட்டால் அந்த வளைவில் நிற்பாள், சுடாவிட்டால் விழுவாள். அந்தச் சூடு இனிமேல் என் பொறுப்பு என்று நானே வாயால் ஏற்றுக்கொண்டேன்.

வீம்புக்குச் சொன்ன பேச்சு இல்லை அது. முப்பத்தைந்து வருஷமாக மில் ஓட்டுகிறேன். வீட்டுக்காரர் போன பிறகு தனியாகவே இருபது வருஷம் ஓட்டியிருக்கிறேன். நான் அரைத்துக் கொடுத்த மாவில் கல் கடிபட்டது என்று ஒருவரும் வந்து நின்றதில்லை. மில்லில் கண்ணுக்கு வேலை குறைவு. மாவுத் தூசியில் என்ன தெரியும்? எல்லாம் காதுதான். வத்தல் விழுந்தால் மோட்டார் ஒரு குரல், மல்லி விழுந்தால் ஒரு குரல், பச்சரிசி ஈரமாக விழுந்தால் முக்கும். கல்லும் கல்லும் உரசினால் ஊசி குத்துகிற மாதிரி ஒரு சத்தம் அடியில் ஓடும். அடுத்தது கை. குழாயில் வந்து விழுகிற மாவை உள்ளங்கையில் வாங்கினால் போதும், சூடு கூடிவிட்டதா என்று தெரிந்துவிடும். கூடிப்போனால் மாவு ருசி கெட்டுவிடும். இதெல்லாம் நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஆள்.

அதனால் புது ஜெனரேட்டர் வாங்கக் கடைக்குப் போகும்போது, மில்லுக்குச் சாமான் வாங்கப் போகிற மாதிரியே போனேன். ஒரு கட்டைப்பையில் டயர்ப் போர்வை இரண்டையும் சுருட்டி வைத்தேன். கூடவே இஸ்திரிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். மருமகன் கையில் போன் இருந்தது. அதில் எத்தனையோ மிஷின்களைப் பார்த்து எழுதி வைத்திருந்தான். எந்த மிஷின் எவ்வளவு சத்தம் போடும் என்பதற்குக்கூட ஒரு எண் வைத்திருந்தான்.

“சத்தத்துக்கு எதுக்கு நம்பரு? காது எங்க போச்சு?” என்றேன்.

மோட்டாரும் பம்பும் விற்கிற தெருவில் ஒரு பெரிய கடை. கடைக்காரர் நாற்பது வயசு இருப்பார், நல்ல மனுஷன். முதலில் ஒரு இரும்புச் சட்டத்துக்குள் நிற்கிற மிஷினைக் காட்டினார். கயிறு இழுத்ததும் கடையே அதிர்ந்தது.

“அம்மா, இத ஓட்டுனீங்கன்னா நாலு தெரு தள்ளிக் கேக்கும். அம்புட்டு பவரு” என்று கத்தினார். அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். எங்கள் பக்கம் அப்படித்தான். விசேஷ வீட்டில் ஜெனரேட்டர் சத்தம் கேட்காவிட்டால் லைட்டு வாடகைக்கு எடுக்கவில்லையோ என்று கேட்பார்கள்.

“எனக்கு நாலடி தள்ளிக் கேக்கக் கூடாது” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு உள்ளே போய், சூட்கேஸ் மாதிரி ஒன்றைக் கைப்பிடியில் தூக்கிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் கூடு, ஓரம் எல்லாம் உருட்டி வழவழவென்று இருந்தது. இது ஜெனரேட்டரா, கல்யாணச் சீரா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்தார்.

புறா முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டுக் கூட்டின் மேல் கையை வைத்தேன். உள்ளே நடுக்கம் தெரிந்தது. ஒரு போர்வையைச் செருகச் சொன்னேன். குரல் கொஞ்சம் ஏறியது. உருவச் சொன்னேன். இறங்கியது. மறுபடி செருகச் சொன்னேன், மறுபடி உருவச் சொன்னேன். கடைக்காரர் பொறுமையாகச் செய்தார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் மில் மோட்டாருக்கு அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் அதே ஓட்டம்தான், அதே வேகம்தான். இதுவோ எவ்வளவு வேலை இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் மூச்சு வாங்குகிறது. வேலை இல்லாத நேரம் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறது. இவ்வளவு புத்தியை ஒரு இரும்புக்குள் யார் கொண்டுபோய் வைத்தார்கள் என்று, அந்தக் கடையில் நின்றுகொண்டு வெகுநேரம் நினைத்தேன்.

“இதையே எடுத்துரலாம் அத்த. தூக்கவும் லேசு” என்றான் மருமகன்.

“இரு” என்று சொல்லிவிட்டு, இரண்டு போர்வையையும் சேர்த்துச் செருகி, இஸ்திரிப் பெட்டியையும் மாட்டினேன். மிஷின் முக்கியது. ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. இஸ்திரிப் பெட்டியின் விளக்கு அணைந்தது. ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

“கரண்டு போயிருச்சு. இன்ஜின் மட்டும் ஓடுதே?”

“ஆமாம்மா. தாங்காதுன்னு தெரிஞ்சா அதுவே கரண்ட நிப்பாட்டிக்கிரும். சூடு கூடுனாலும் அப்படித்தேன். சிவப்பு வெளக்கு எரிஞ்சா சப்ளை இல்லன்னு அர்த்தம். அமத்திட்டுத் திரும்பப் போடணும்.”

இதை நான் மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன். இன்ஜின் ஓடுகிறது என்பதற்காகக் கரண்டு வருகிறது என்று நம்பக் கூடாது. அதே சாதியில் ஒரு படி பெரியதாகக் காட்டச் சொன்னேன். கொஞ்சம் கனம். சத்தம் அதே முனகல்தான். மூன்றையும் சேர்த்து மாட்டிவிட்டு, ஒரு ஸ்டூல் வாங்கிப்போட்டு அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தேன். முக்கவே இல்லை. கடைக்காரர் எனக்கும் அவனுக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மிஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, குரல் உயர்த்தாமல், அவர் மகள் எந்தக் காலேஜில் படிக்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

“இதுதேன்” என்றேன்.

எலும்பு கூடி, டாக்டர் சரி என்று சொல்லி, மகள் மறுபடி வண்டி ஏறினாள். அந்தத் தடவை நானும் வேனில் ஏறினேன். “சம்மதம்னு சொல்லல. மிஷினப் பாத்துக்க வாரேன்” என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். புளியோதரை கட்டிக்கொண்டேன். மில்லில் அரைத்த பருப்புப்பொடியும் இருந்தது.

அந்த இடத்தைப் பற்றி எனக்குச் சரியாக எழுத வராது. பொட்டல் வெளியில் கறுப்பாக ஒரு ரோடு. எங்கேயும் போகாத ரோடு. சுற்றிச் சுற்றிக் கிளம்பின இடத்துக்கே வருகிறது. அதில் ஒரு வண்டி கடந்தால் முதலில் வண்டி போகிறது, பிறகுதான் சத்தம் வருகிறது என்று தோன்றியது. ஓரத்தில் வரிசையாகக் கூடாரங்கள். எங்கள் கூடாரத்தில் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, இரண்டு டயருக்கும் போர்வை கட்டி, புகை வெளிப்பக்கமாகப் போகிற மாதிரி மிஷினைப் பின்னால் வைத்தோம். நாலடி ஒயர் போதுமானதாக இருந்தது. நான் மடக்கு நாற்காலியை அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

பக்கத்துக் கூடாரத்துக்காரர் கோயம்புத்தூர்க்காரர். அவரும் சொந்தமாக ஒரு மிஷின் வைத்திருந்தார். அது அவர் வண்டிக்கே திணறிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்கம்மா, உங்க ஜெனரேட்டரு ஓடலைங்களா?”

“ஓடுதுய்யா.”

“சத்தத்தையே காணோமுங்க.”

“அதுக்குத்தேன் வாங்குனது” என்றேன். அதை அவர் இன்னொரு தடவை கேட்டிருந்தால் இன்னொரு தடவையும் சொல்லியிருப்பேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை. பந்தயத்துக்கு யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் நிற்பது என்று முடிவு செய்கிற ஓட்டம். டயர் சுட்டது. போர்வைக்குள் விரலை விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். மகள் மூன்றாவதாக வந்தாள். மறுநாள் பந்தயத்தில் முதல் வரிசையில் நிற்கலாம். எனக்கு மிஷினைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதன் ஓட்டத்தையும் பழகிக்கொண்டேன். போர்வை போதுமான சூடு வந்ததும் தானாக அணையும், ஆறினால் தானாக எரியும். அதற்கேற்ப மிஷின் கொஞ்ச நேரம் கனத்த குரலில் ஓடும், கொஞ்ச நேரம் லேசாக ஓடும். தூங்குகிறவர் மூச்சு மாதிரி. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. பக்கத்துக் கூடாரத்து இரைச்சலுக்கு நடுவில் அந்த மூச்சை என் காது தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

புது மிஷின் ஒன்று வந்தால் பூசை போடாமல் ஓட்டுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அவசரத்தில் சனிக்கிழமை அப்படியே ஓட்டிவிட்டோம் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பந்தய நாள் வேறு. கையோடு கொண்டுவந்த சந்தனத்தைக் கிண்ணத்தில் கெட்டியாகக் குழைத்தேன். மிஷினின் ஒரு பக்கத்தில் வரிவரியாகப் பட்டை வெட்டின மாதிரி இருந்தது. பார்க்க அதுதான் முகம் மாதிரி இருந்தது. அந்த முகம் முழுக்கச் சந்தனத்தை அழுத்திப் பூசினேன். நடுவில் குங்குமம் வைத்தேன். செவ்வந்தி மாலை ஒன்றைக் குறுக்கே சாத்தினேன். சூடம் காட்ட மட்டும் மருமகன் விடவில்லை, பெட்ரோல் இருக்கிறது என்றான். கும்பிட்டுவிட்டு, என் மகளை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதனிடம் சொன்னேன்.

மில்லில் ஆயுத பூசைக்கு எல்லா மோட்டாருக்கும் இப்படித்தான் பூசுவேன். அன்றைக்கு மில் ஓடாது. மறுநாள் காய்ந்து தானாக உதிர்ந்துவிடும். ஓடப்போகிற மிஷினுக்குப் பூசுகிறோம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பந்தயம் பதினோரு மணிக்கு. பத்து மணிக்குப் போர்வை கட்டி மிஷினைப் போட்டான். வெயில் ஏறிவிட்டது. மகள் தோல் உடுப்பை மாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கோர்ட்டில் பெரிய கேஸ் இருக்கிற அன்றைக்கும் அவள் அப்படித்தான் ஒருவரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். நான் நாற்காலியில் இருந்து மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே.

ஒரு தடவை மூச்சு வெளியே போனது. உள்ளே வரவில்லை.

காத்திருந்தேன். இந்நேரம் கனத்திருக்க வேண்டும். கனக்கவில்லை. லேசாகவே ஓடிக்கொண்டிருந்தது.

“மாப்ள, கரண்டு நின்னுருச்சு.”

“ஓடுதே அத்த. டயரு நல்லாச் சூடேறிருச்சு, அதான் லேசா ஓடுது.”

“சூடேறி நின்னாலும், ஆறுனதும் திரும்ப எரியணும்ல? எரியல. குனிஞ்சு பாரு.”

குனிந்து மாலையை விலக்கிப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து மகள் எழுந்து வந்தாள். போர்வையை விலக்கி டயரைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது, காலையில் வெயிலில் வைத்த தண்ணீர் மாதிரி.

அவன் மிஷினை அமத்தித் திரும்பப் போட்டான். கொஞ்ச நேரம் இழுத்தது. மறுபடி சிவப்பு. சூடு கூடினாலும் நின்றுவிடும் என்று கடைக்காரர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. கூட்டின் மேல் கை வைத்தேன், கொதித்தது. காற்று எந்த வழியாக உள்ளே போகிறது என்று கையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். கை போய் நின்ற இடம் என் சந்தனம். நான் முகம் என்று நினைத்தது அதன் மூக்கு. ஒவ்வொரு பட்டையிலும் சந்தனம் இறுகிக் காரைபோல் ஆகியிருந்தது. அதற்கு மேல் செவ்வந்தி.

நான் சொல்லாமல் இருந்தால் மிஷின் கோளாறு என்றே போயிருக்கும். ஒரு நொடி அந்த எண்ணம் வரத்தான் செய்தது. வந்ததை மறைக்கவில்லை.

“நான்தேன் அடச்சு வச்சுருக்கேன். சந்தனம் அடச்சுருச்சு” என்றேன்.

மகள் மிஷினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன்.

“ஊக்கு இருக்காம்மா?” என்றாள்.

என் வளையலில் எப்போதும் நாலைந்து ஊக்கு கோத்திருக்கும். ஆளுக்கு ஒன்றாகக் கழற்றிக் கொடுத்தேன். மாலையைத் தூக்கி எறிந்துவிட்டு, மூன்று பேரும் மண்ணில் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டையாகக் கிண்டினோம். தோல் உடுப்பில் அவளுக்கு முழங்கால் மடங்கவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு கிண்டினாள்.

“மூக்குல பூசுனதுக்குப் பதிலா முதுகுல பூசியிருக்கலாம்ல அத்த” என்றான் மருமகன்.

“நீ ஊர்கோல மிஷினக் கொண்டு வந்த. நான் சந்தனம் பூசுனேன். சரிக்குச் சரியாப் போச்சு. பேசாம நோண்டு.”

பக்கத்துக் கூடாரத்துக்காரர் ஒரு பல் தேய்க்கிற பிரஷ்ஷைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அவரிடம் கரண்டு கேட்கலாம் என்றால் அவர் மிஷின் ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்தது.

பட்டை முழுக்கத் திறந்ததும் கையை வைத்தேன். காற்று உள்ளங்கையை இழுத்தது. அமத்திவிட்டுத் திரும்ப மிஷினைப் போட்டான். குரல் கனத்தது. விளக்கு எரியவில்லை. ஆனால் மணி பத்தே முக்கால் தாண்டிவிட்டது. மற்றவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார்கள்.

மகள் ஹெல்மெட்டும் கையுறையும் மாட்டிவிட்டாள். இனி அவளால் தொட்டுப் பார்க்க முடியாது. என்னைப் பார்த்து, “சூடு போதுமாம்மா?” என்றாள்.

போர்வைக்குள் உள்ளங்கையை வைத்தேன். முப்பத்தைந்து வருஷமாக மாவு வாங்கின கை. “பத்தாது.”

“இப்பப் போகாட்டி வரிசையில நிக்க முடியாது. மூணாவது எடம் போயிரும்” என்றான் அவன்.

“எடம் போனா என்ன ஆகும்?”

“எல்லாரும் கெளம்புன பெறகு, கூடாரத்துப் பக்கத்து வாசல்லருந்து கடைசியாக் கெளம்பலாம். அதுக்கு விடுவாங்க.”

மகள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும்தான் தெரிந்தது. மூன்றாவது இடத்துக்காக அவள் எத்தனை மாதம் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அதைக் கெடுத்தவள் நான். போ என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. கை அதற்குச் சம்மதிக்கவில்லை.

“பத்தாது தாயி.”

அவள் ஸ்டாண்டில் நின்ற வண்டியில் அப்படியே உட்கார்ந்துகொண்டாள். மற்ற வண்டிகள் எல்லாம் போய்க் கோட்டில் வரிசையாக நின்றன. எங்கள் கூடாரத்தில் மிஷின் முனகிக்கொண்டிருந்தது. கையை எடுக்காமல் வைத்திருந்தேன். ரப்பர் மெல்ல மெல்ல இளகி வருவது தெரிந்தது. முதலில் வெதுவெதுப்பு, பிறகு காய்ச்சல்காரன் நெற்றி, பிறகு அப்போதுதான் அரைத்த மாவு. அதற்கும் மேலே ஏறி, கையை வைக்க முடியாமல் போனது. கோட்டில் கிளம்பச் சொல்லும் விளக்கு அணைந்து, மற்ற வண்டிகள் ஒரே இரைச்சலாகக் கிளம்பிப் போனபோது முன் டயரிலும் பார்த்தேன். சுட்டது.

“போ” என்றேன்.

போர்வையை உருவினான், ஸ்டாண்டை இறக்கினான். அவள் போய்விட்டாள்.

நான் கம்பி வேலிக்கு ஓடினேன். ஓடி எத்தனை வருஷம் ஆகிறதோ. இரண்டாவது வளைவு அங்கிருந்து தெரியும். அவள் தனியாக வந்தாள். வளைவில் வண்டியைச் சாய்த்தாள். சாய்த்தாள் என்றால் நாம் சைக்கிளில் திரும்புகிற மாதிரி இல்லை. வண்டியும் அவளும் சேர்ந்து ரோட்டின் மேல் படுத்தார்கள். முழங்கால் தரையில் உரசியது. அந்த வேகத்தில், அப்படிப் படுத்த ஒன்று விழாமல் இருக்கிறது. விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு உள்ளங்கை அகல ரப்பர். அந்த உள்ளங்கை அகல ரப்பரைத்தான் நான் இவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து போய்விட்டாள். எனக்குக் கும்பிடத் தோன்றியது. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷமாக இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்று இருந்தது.

எட்டுச் சுற்று. எட்டுத் தடவையும் அந்த வளைவில் படுத்தாள், எட்டுத் தடவையும் எழுந்தாள். கடைசியாகக் கிளம்பியவள் ஒவ்வொருவராகத் தாண்டி ஐந்தாவதாக வந்தாள். மூன்று பேருக்குத்தான் கோப்பை.

கூடாரத்துக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு.

“மூணாவது எடம் என்னாலதேன் போச்சு” என்றேன். “எங்க கேட்டாலும் சொல்லுவேன்.”

“ஒத்துக்கிட்ட பெறகு என்னம்மா விசாரணை. புளியோதரை இருக்கா?”

இருந்தது. அவள் சாப்பிட உட்கார்ந்ததும் நான் வண்டிக்குப் பக்கத்தில் போய்ப் பின் டயரில் கை வைத்தேன். போர்வை கொடுத்த சூடு இல்லை இது, ரோட்டிலிருந்து அவளே வாங்கிக்கொண்டு வந்த சூடு. எடுத்தபோது உள்ளங்கையில் கறுப்பு ரப்பர் ஒட்டியிருந்தது.

“அத்த, மிஷின அமத்திரவா?” என்றான் மருமகன்.

“இன்னமுமா ஓடுது?” என்றேன்.

அவள் போனதிலிருந்து அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் கேட்கவே இல்லை.

இப்போது அது என் மில்லில்தான் இருக்கிறது, அடுத்த பந்தயம் வரைக்கும். கைப்பிடியில் ஒரு பொட்டு, அவ்வளவுதான் பூசை. ஊக்குக்கு எட்டாத ஒரு மூலையில் கொஞ்சம் சந்தனம் இன்னும் இருக்கிறது. காற்றுக்கு வழி விட்டுத்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.